வெயிலில் மங்காத சிலேட்டு

உச்சி வேளை. விழுப்புரத்தை அடுத்த காணையில், மரநிழல் இல்லாத ஒரு வயல் வரப்பில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் வந்த செய்தியைப் படிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? ஒரு கையைக் குவித்துத் திரைக்கு நிழல் பிடிப்பீர்கள். அதுவும் போதாவிட்டால் துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குனிந்து பார்ப்பீர்கள். அதே வரப்பில், கூலிக் கணக்கு எழுதிய பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு காட்சியையும் நினைத்துப் பாருங்கள். கரும்பு வண்டி ஆலையின் எடைமேடையில் ஏறி நிற்கிறது. எடை போடுகிறவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். விவசாயி உடனே தலையை ஆட்டிவிடுவதில்லை. எட்டிப் பார்த்து, எண்ணைத் தன் கண்ணால் கண்ட பிறகே சீட்டை வாங்கிக்கொள்கிறார். அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு.

வெயிலில் தெரிய வேண்டும். இருவருக்கும் தெரிய வேண்டும். இந்த இரண்டு எளிய தேவைகளும் துப்பாக்கி சுடும் போட்டிகளில் புள்ளி எழுதும் முறையை எப்படி மாற்றின, கதைப் புத்தகம் படிப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு மலிவுக் கருவி அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூன்று புள்ளியில் முடிந்த போட்டி

துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டாக ஒழுங்குபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். தொடக்கத்திலிருந்தே அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதை எல்லோரும் பார்க்கலாம். சுடும் போட்டியிலோ விளைவு சுடுபவருக்கு அருகில் நிகழ்வதில்லை. எங்கோ தொலைவில் நிகழ்கிறது. அங்கே பள்ளத்தில் பதுங்கியிருக்கும் ஒருவர், குண்டு எங்கே பட்டது என்பதைத் தட்டு அல்லது கொடி உயர்த்திக் காட்டுவார். இங்கே ஒருவர் அதைப் பார்த்துத் தாளில் எழுதுவார். காட்டுபவர், பார்ப்பவர், எழுதுபவர் ஆகிய மூவரில் எவர் தவறினாலும் முடிவு தவறிவிடும்.

1874ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் அருகேயுள்ள கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜத் தொலைவிலிருந்து சுட வேண்டும். நடுப்பகுதியில் பட்டால் 4 புள்ளி. அயர்லாந்து அணி சுட்டு முடித்தபோது அதன் கணக்கு 931. அமெரிக்கா 930 புள்ளிகளோடு நின்றது. மீதமிருந்தது ஒரே ஒரு குண்டு. சுட வேண்டியவர் ஜான் போடைன். சற்று முன்புதான் ஒரு பானப் புட்டி உடைந்து அவருடைய கையைக் கிழித்திருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சுட்டார். குண்டு நடுவில் பட்டது. 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது.

ஆனால் இந்தக் கதையின் உயிர் அந்தக் கடைசிக் குண்டில் இல்லை. அயர்லாந்து வீரர் மில்னர் முன்னதாகச் சுட்ட ஒரு குண்டும் நடுவில்தான் பட்டிருந்தது. ஆனால் அது அவருக்கு உரிய இலக்கு அன்று, பக்கத்து இலக்கு. விதிப்படி அதற்குப் புள்ளி இல்லை. அந்த 4 புள்ளி சேர்ந்திருந்தால் அயர்லாந்தின் கணக்கு 935 ஆகியிருக்கும். குறி தப்பாத ஒரு குண்டு, கணக்கில் சுழி ஆயிற்று.

சரியாக 130 ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், தங்கப் பதக்கம் கைக்கெட்டிய நிலையில், தம் கடைசிக் குண்டைப் பக்கத்து இலக்கில் சுட்டுவிட்டு எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அதற்குள் இலக்குகள் மின்னணுமயமாகிவிட்டன. கருவி மாறிற்று, மனிதத் தவறு மாறவில்லை. கருவியால் செய்யக்கூடியது ஒன்றுதான்: நடந்ததை நடந்தபடி, உடனே, ஐயமின்றிக் காட்டுவது.

தாளும் துளையும்

கொடி காட்டும் முறைக்கு அடுத்தபடியாக வந்தது தாள் இலக்கு. சுட்ட தாளையே கையில் எடுத்துத் துளையைப் பார்த்துப் புள்ளி கணக்கிடலாம். தாள் பொய் சொல்லாது. ஆனால் அதைப் படிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. இலக்கின் நடுவே பத்துப் புள்ளிக்குரிய வெண்பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. அதாவது குண்டைவிடக் குறி ஒன்பது மடங்கு சிறியது! அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 2.5 மி.மீ. இடைவெளி. துளையின் விளிம்பு ஒரு வளையக் கோட்டைத் தொட்டாலே அந்த உயர்ந்த புள்ளி கிடைக்கும். தொட்டதா, தொடவில்லையா? தாள் கிழிந்த இடத்தில் நார்கள் பிரிந்திருக்கும்; விளிம்பு தெளிவாக இராது. ஆகவே நடுவர் ஓர் அளவுக்கோலைத் துளைக்குள் செருகி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து முடிவு சொல்வார்.

ஒரு வீரருக்கு 60 குண்டுகள். குண்டுக்கு ஓர் இலக்கு. ஐம்பது வீரர்கள் வந்தால் 3000 இலக்குகளை இப்படிச் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் 1951இல் இந்திய தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் சபாநாயகரான ஜி. வி. மாவ்லங்கர் அதன் நிறுவனத் தலைவர். அவர் பெயரால் இன்றும் அகில இந்தியப் போட்டி நடைபெறுகிறது. பல பத்தாண்டுகள் நம் போட்டிகளும் இந்தத் தாளையும் அளவுக்கோலையும் நம்பியே நடந்தன. சுட்டவர் தம் புள்ளியை அறியக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கேட்டுக் கணக்கிடும் இலக்கு

இந்தக் காத்திருப்பை ஒழித்தது மின்னணு இலக்கு. அது குண்டைப் பார்ப்பதில்லை. அதன் ஒலியைக் கேட்கிறது என்றால் வியப்பாக இருக்கும்.

இலக்குச் சட்டத்தின் மூலைகளில் நுண்ணிய ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். குண்டு உள்ளே நுழையும்போது எழும் ஒலி, அருகிலுள்ள ஒலிவாங்கியை முதலிலும் தொலைவிலுள்ளதைப் பின்னரும் அடையும். இந்த நேர வேறுபாடுகளிலிருந்து குண்டு நுழைந்த இடத்தைக் கணிப்பொறி கணக்கிட்டுவிடும். இடி முழக்கம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நம் இரு காதுகள் உணர்வதும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

இதற்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு மைக்ரோநொடி. அந்த நேரத்தில் ஒலி 0.34 மி.மீ. நகரும். இப்போதைய போட்டிகளில் ஒரு வளையத்தையே பத்தாகப் பகுத்து 10.1, 10.2 என்று 10.9 வரை புள்ளி தருகிறார்கள். ஒரு பகுதியின் அகலம் 0.25 மி.மீ. ஆகவே கடிகாரம் ஒரே ஒரு மைக்ரோநொடி பிசகினாலும் புள்ளி மாறிவிடக்கூடும். வெப்பம் ஏறினால் ஒலியின் வேகமும் கூடும் என்பதால் வெப்பநிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு நுட்பம் தேவைதானா என்று கேட்பவர்கள் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கை நினைத்துக்கொள்ளலாம். கடைசிக் குண்டுக்கு முன்னால் அபினவ் பிந்திராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்திரா சுட்டது 10.8, ஹாக்கினன் சுட்டது 9.7. மொத்தம் 700.5 புள்ளிகளுடன் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் பிந்திராவுக்குக் கிடைத்தது. ஹாக்கினன் மூன்றாம் இடத்துக்குப் போனார். 1.1 புள்ளி வேறுபாடு என்பது மையத்திலிருந்து 2.75 மி.மீ. கூடுதல் விலகல். ஏறத்தாழ ஒரு நெல்மணியின் அகலம்!

நம் பக்கத்து மாவட்டமான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளில் 630.7 புள்ளி எடுத்துப் பத்தாம் இடம் பெற்றார். முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. அவருடன் சென்ற ரமிதா 631.5 எடுத்து ஐந்தாம் இடத்தில் தகுதி பெற்றார். இருவருக்கும் இடையே 0.8 புள்ளி. 60 குண்டுகளின் விலகல்களையும் ஒன்றாகக் கூட்டினால் வேறுபாடு வெறும் 2 மி.மீ. இந்த 2 மி.மீட்டரை ஐயத்துக்கு இடமின்றி அளக்காவிட்டால், பல ஆண்டுப் பயிற்சியின் பயன் ஒரு நடுவரின் கண்பார்வையைப் பொறுத்ததாகிவிடும் அல்லவா?

எழுத்துப் பிழையின் விலை

மின்னணு இலக்கு நிலையான அரங்குக்குப் பொருந்தும். சுடுபவர் ஓர் இடத்தில் நிற்பார். இலக்கு ஓர் இடத்தில் நிற்கும். ஆனால் எல்லாச் சுடும் போட்டிகளும் அப்படியல்ல. அமெரிக்காவில் பரவி, 1976இல் பன்னாட்டு அமைப்பு பெற்ற 'நடைமுறைச் சுடுதல்' என்ற வகையில் வீரர் திறந்த வெளியில் நகர்ந்துகொண்டே பல அட்டை இலக்குகளைச் சுட வேண்டும். இலக்குகளின் எண்ணிக்கையும் இடமும் கட்டத்துக்குக் கட்டம் மாறும். போட்டிதோறும் புதிதாக நட்டு, மாலையில் பிடுங்கிவிடும் அட்டைகளுக்கெல்லாம் ஒலிவாங்கி பொருத்துவது சிறு மன்றங்களால் ஆகிற காரியமன்று. அங்கே நடுவர் நடந்துபோய், துளையைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும்.

இப்போட்டியின் கணக்கு சுவையானது. அட்டையின் நடுப்பகுதிக்கு 5 புள்ளி, அடுத்ததற்கு 3, ஓரத்துக்கு 1. இது ஆற்றல் குறைந்த தோட்டாவுக்கான கணக்கு. மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்க வேண்டும். கிடைக்கும் ஈவே வீரரின் தகுதி எண். நொடிகளைச் சொல்வது இடுப்பில் செருகும் ஒரு சிறு நேரங்காட்டி. அது சத்தத்தைக் கேட்டுக் கடைசிக் குண்டின் நேரத்தைப் பதிவு செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டு இலக்குகள், இலக்குக்கு இரண்டு குண்டு, ஆக 16 குண்டுகள். முதல் வீரர் 12 குண்டுகளை நடுவிலும் 4 குண்டுகளை அடுத்த பகுதியிலும் அடித்து 72 புள்ளி எடுக்கிறார், நேரம் 14.40 நொடி. தகுதி எண் 5.00. இரண்டாமவர் பதினாறையும் நடுவில் அடித்து 80 புள்ளி எடுக்கிறார். ஆனால் நேரம் 17.20 நொடி. தகுதி எண் 4.65. ஆகவே முதல் வீரருக்கே வெற்றி.

இப்போது எழுதுபவர் அவசரத்தில் 14.40 என்பதை 17.40 என்று படிக்கும்படி எழுதிவிட்டால்? 72ஐ 17.40ஆல் வகுத்தால் 4.14. வெற்றி கைமாறிவிடும். அதோடு நிற்பதில்லை. இப்போட்டியில் முதல் இடம் பெற்றவரின் எண்ணை முழுமையாகக் கொண்டு மற்றவர்களுக்கு விகிதப்படி புள்ளி தரப்படும். இந்தக் கட்டத்துக்கு 80 புள்ளி என்றால், சரியான கணக்கில் இரண்டாமவருக்கு 74.42 கிடைத்திருக்கும், இப்போது 80 கிடைக்கும். 80 பெற வேண்டிய முதல்வருக்கு 71.17தான் கிடைக்கும். அதே கட்டத்தில் சுட்ட ஒவ்வொருவரின் புள்ளியும் மாறிவிடும். ஒரே ஓர் இலக்கம், குழப்பமோ எல்லோருக்கும்.

அறுபது வீரர்கள், ஆறு கட்டங்கள் என்றால் 360 தாள்கள். ஒவ்வொரு தாளிலும் இருபது எண்கள் இருந்தால் 7200 எண்கள். வெயிலில், வியர்வையில், சில நாள்களில் மழையில் எழுதிய எண்கள். மாலையில் இந்தத் தாள்கட்டு ஒரு கொட்டகைக்குப் போகும். அங்கே யாரோ அமர்ந்து அத்தனையையும் மறுபடியும் கணிப்பொறியில் தட்டுவார். எழுதும்போது ஒரு பிழை, தட்டும்போது ஒரு பிழை என இருமுறை தவற வாய்ப்பு உண்டு. முடிவு வெளிவரும் முன்பே பலர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுநாள் 'என் நேரம் இதுவல்லவே' என்று ஒருவர் சொன்னால், நீக்கிவிட்ட அட்டையையும் மறைந்துவிட்ட நேரத்தையும் எங்கே தேடுவது?

நுண்ணுறையில் அடைத்த மை

'கையடக்கக் கணிப்பொறியிலேயே நேராகப் பதிவு செய்தால் என்ன?' என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. தடையாக இருந்தவை இரண்டு: வெயிலும் விலையும்.

வெயிலின் தொல்லையை எண்ணால் சொல்லலாம். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதில் வைத்த வெள்ளைத் தாள் ஏறத்தாழ 25,000 அலகு பிரகாசத்துடன் ஒளிர்கிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிடைத்த கைத்திரைகளின் சொந்த ஒளி சில நூறு அலகுகள்தான். பகலில் மின்மினி தெரியுமா? பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் திரை சூரியனோடு போட்டியிடுகிறது, தோற்கிறது. தாள் சூரியனோடு போட்டியிடுவதில்லை. அதன் ஒளியையே வாங்கித் திருப்பித் தருகிறது. காணை வரப்பில் நோட்டுப் புத்தகம் பளிச்சென்று தெரிந்த மருமம் இதுதான்.

அப்படியானால் தாளைப் போல ஒளியைத் திருப்பித் தரும் திரை ஒன்றைச் செய்ய முடியாதா? 1970களிலேயே அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் நிக் ஷெரிடன் என்பவர், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான நுண்ணிய உருண்டைகளை மின்புலத்தால் புரட்டிப் படம் உண்டாக்கினார். திரவத்தில் மிதக்கும் நிறத்துகள்களை மின்புலத்தால் நகர்த்தும் ஆய்வு ஜப்பானிலும் நடந்தது. ஆனால் துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அடியில் படிந்தன.

இதற்கு வழி கண்டவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் ஜேக்கப்சனும், அங்கே இளநிலை மாணவர்களாக இருந்த பாரெட் காமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் ஆகியோரும். துகள்களை முடியிழை அளவே பருமனுள்ள நுண்ணுறைகளுக்குள் அடைத்துவிட்டார்கள். ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் ஒருவகை மின்னூட்டம் கொண்ட வெண்துகள்கள், எதிர்வகை மின்னூட்டம் கொண்ட கருந்துகள்கள். மின்புலத்தைத் திருப்பினால் வெண்மை மேலே வரும் அல்லது கருமை மேலே வரும். சிறு அறைக்குள் அடைபட்டிருப்பதால் துகள்கள் பெரிதாகத் திரண்டு கெட இடமில்லை. 1997இல் இ இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் இவ்வாய்வு வெளியாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நுண்ணுறைக்குள் பொருளை அடைக்கும் உத்தி தாள் உலகத்துக்கு ஏற்கெனவே பழக்கமானது. கார்பன் தாள் வைக்காமலே அடித்தாளில் படி விழும் பில் புத்தகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. மேல்தாளின் அடிப்புறம் பூசியுள்ள நுண்ணுறைகள் பேனாவின் அழுத்தத்தில் உடைந்து படி எடுக்கின்றன. சுடும் போட்டிகளின் புள்ளித்தாள்களும் பெரும்பாலும் இவ்வகையே. நுண்ணுறைத் தாளை நுண்ணுறைத் திரை வந்து வென்றது என்று சொல்லலாம்.

மின்மைத் திரையின் மற்றொரு சிறப்பு, அதன் சிக்கனம். எழுத்தை மாற்றும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் வேண்டும். மாற்றியபின் மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அப்படியே நிற்கும். சிலேட்டில் எழுதியது போலத்தான்.

புத்தகக் கருவி தொழில் மாறியது

2004இல் சோனி நிறுவனம் ஜப்பானில் மின்மைத் திரை கொண்ட மின்னூல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007இல் அமேசானின் கிண்டில் வந்தது. 2011 ஜூன் மாதம் அமெரிக்கப் புத்தக வணிக நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 'நூக் சிம்பிள் டச்' என்ற கருவியை வெளியிட்டது. விலை 139 டாலர்; அதே ஆண்டு நவம்பரில் 99 டாலராகக் குறைந்தது. ஆறு அங்குலத் திரை. எடை சுமார் 212 கிராம். நாளுக்கு அரைமணி படித்தால் இரண்டு மாதம் மின்கலம் தாங்கும் என்று நிறுவனம் அறிவித்தது.

இதை இவ்வளவு மலிவாக விற்றதன் நோக்கம் கருவியில் லாபம் பார்ப்பதன்று. அதன் வழியாகப் புத்தகங்களை விற்பது. ஆனால் அதன் உள்ளே இயங்கியது கைப்பேசிகளுக்கான ஆண்ட்ராய்டு இயங்குதளம். பக்கவாட்டில் நினைவக அட்டை செருகும் துளையும் இருந்தது. ஆர்வலர்கள் தாங்களே தயாரித்த அட்டையைச் செருகிக் கருவியைத் தொடங்கச் செய்து, நிறுவனம் போட்டிருந்த பூட்டைத் திறந்தார்கள். அவ்வளவுதான், புத்தகம் மட்டும் காட்டிய கருவி ஒரு முழுக் கணிப்பொறி ஆயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் 'பிராக்டிஸ்கோர்' என்ற புள்ளிக் கணக்கு மென்பொருள் அமெரிக்க மன்றங்களில் பரவத் தொடங்கியது. மென்பொருளும் இந்தக் கருவியும் கைகோத்தன. வெயிலில் தெரிகிறது, நாள் முழுதும் மின்கலம் தாங்குகிறது, விலை குறைவு, பழையதாக வாங்கினால் இன்னும் குறைவு. திரை ஓரத்தில் அகச்சிவப்புக் கதிர்களால் விரலை உணரும் அமைப்பு இருந்தபடியால் கையுறை அணிந்தும் தொடலாம்.

வேலை நடக்கும் முறையைக் கேளுங்கள். வீரர் சுட்டு முடித்ததும் நடுவர் நேரத்தைச் சொல்வார். பிறகு ஒவ்வோர் இலக்காகப் புள்ளியைச் சொல்வார். எழுதுபவர் அதைத் திரையில் தொட்டுப் பதிவார். ஓர் இலக்குக்குரிய குண்டுகளின் எண்ணிக்கை குறைந்தால் கருவியே எச்சரிக்கும். கூட்டலும் வகுத்தலும் அதன் பொறுப்பு. கடைசியாகக் கருவியை வீரரிடம் நீட்டுவார்கள். அவர் தம் நேரத்தையும் புள்ளியையும் தம் கண்ணால் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அட்டைகளின் துளைகளை ஒட்டி மூடுவதற்கு முன்பே, சான்று கண்முன் இருக்கும்போதே, ஐயம் தீர்ந்துவிடுகிறது. பல கட்டங்களில் உள்ள கருவிகளைக் கம்பியில்லா இணைப்பால் ஒன்றுசேர்த்தால் சிறிது நேரத்தில் முடிவுப் பட்டியல் தயார்.

எடைமேடையில் எட்டிப் பார்த்த விவசாயியை நினைவிருக்கிறதா? அவர் கேட்ட உரிமைதான் இங்கேயும் நிறைவேறுகிறது. மின்னணுவின் பெரும்பயன் வேகம் என்று நாம் நினைக்கிறோம். இங்கே அதைவிடப் பெரிய பயன், அளக்கப்படுபவருக்கு அளவு அங்கேயே தெரிகிறது என்பது.

குறையே துணையாயிற்று

இந்தக் கருவியில் குறைகள் இல்லாமல் இல்லை. வண்ணம் கிடையாது. திரை மெதுவாக மாறும். முந்தைய எழுத்தின் சாயல் சிறிது நேரம் நிழலாய் நிற்கும். அதில் திரைப்படம் பார்க்க முடியாது. ஆனால் புள்ளித்தாள் நிமிடத்துக்குச் சில முறையே மாறுகிறது; அதற்கு வண்ணமும் தேவையில்லை. ஆகவே மற்றவர்கள் குறை என்று ஒதுக்கியவை இந்த வேலையில் குறையாகவே படவில்லை. விலை மிகுந்த வண்ணத்திரைகள் வெயிலில் கண்ணை மூடிக்கொண்ட இடத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைச் சிலேட்டு நின்று வேலை செய்தது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பிறர் ஒரு நோக்கத்துக்குச் செய்த கருவியை நாம் வேறு நோக்கத்துக்குக் கொள்ளும்போது அதன் ஆயுள் நம் கையில் இல்லை. நிறுவனம் 2013இல் புதிய வகைக்கு மாறியது. நூக் சிம்பிள் டச்சின் காலம் முடிந்தது. உள்ளே இருக்கும் மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். இயங்குதளம் பழையதாகிவிட்டால் புதிய மென்பொருள் அதில் ஏறாது. இதற்கிடையே கைப்பேசித் திரைகளும் முன்னைவிட மிகப் பிரகாசமாகிவிட்டன. இன்னொன்றையும் மறக்கலாகாது. தாளில் திருத்தினால் திருத்தியது தெரியும். கணிப்பொறியில் திருத்தினால் தடம் தெரியாமலும் போகலாம். ஆகையால் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவும், தனியே ஒரு படியும் வைத்திருப்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு கைப்பேசி, கடைக்காரர் வைத்திருக்கும் சாதாரணக் கணக்கிடும் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றையும் முற்றத்து வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பின்னொளி கொண்ட கைப்பேசித் திரை மங்கும். பின்னொளி இல்லாத கணக்கிடும் கருவியின் எண்கள் தெளிவாகத் தெரியும். நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றையும் இரவில் இருட்டறைக்குள் வைத்துப் பாருங்கள். இப்போது கைப்பேசித் திரை மட்டுமே தெரியும். எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்குத் தனித்த விடை கிடையாது. எங்கே, எப்போது, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு.

கிரீட்மூர் திடலில் கொடி காட்டிய காலத்திலிருந்து மைக்ரோநொடியை அளக்கும் இலக்கு வரை மனிதன் தேடியது ஒன்றுதான்: தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அதற்கு ஒருபுறம் மிக நுட்பமான கருவிகள் உதவின. மறுபுறம், புத்தகம் படித்து அலுத்துப்போய் யாரோ அலமாரியில் போட்டுவைத்த மலிவுக் கருவியும் உதவிற்று. உங்கள் வீட்டு அலமாரியிலும் 'பழையது' என்று ஒதுக்கப்பட்ட கருவி ஏதேனும் இருக்கலாம். அதைக் குப்பையில் போடும் முன்னர், அது செய்ய முடியாததை விட்டுவிட்டு, செய்யக்கூடியது எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.